நாலாவது தோட்டாவில் நிற்கும் பிஸ்டல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோடு போட்ட தாளிலும் கீழே கீழே இறங்கிப் போகும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததைவிட எண்ணெய்த் துணி பிடித்ததுதான் அதிகம்.

பேசவும் எனக்கு வராது. நாலு பேர் கூடினால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். அதனால் இந்தக் கதையை யார் கேட்டாலும் என் மனைவிதான் சொல்லுவாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் பக்கத்து வீட்டில் சொன்னபோது நான் கடைசித் தோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேனாம். அப்படியெல்லாம் இல்லை. இனியும் விட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுட்டேன் என்று வரும். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். நானும் மனைவியும் ஒரே இடத்தில்தான் வேலை செய்கிறோம். விளையாட்டுக்காகத் துப்பாக்கி சுடும் ஒரு கிளப் அது. அவள் அங்கே கன்டீனில் தேநீரும் ரோல்ஸும் போடுகிறாள். நான் இலக்கு அட்டைகளை ஒட்டுவேன், சுட்டு முடித்த பிறகு தரையில் கிடக்கும் வெற்றுக் கோதுகளைக் கூட்டி அள்ளுவேன், புல் வெட்டுவேன். பின்னேரத்தில் கிளப்புக்குச் சொந்தமான பிஸ்டல்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆயுத அறையில் ஒப்படைப்பேன். யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனைத் தமிழன் ஒருவனுக்கு இந்த வேலையை யாரும் தந்திருக்க மாட்டார்கள். தந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

ஆயுத அறைக்குப் பொறுப்பானவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களவர். எல்லோரும் அவரைச் சார்ஜன் என்றே கூப்பிடுவார்கள். துடைத்த பிஸ்டலை ஒரு தடவை சுட்டுப் பார்த்துத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவருக்குத் தோள்பட்டை வலி வந்த பிறகு, மல்லி, அதாவது தம்பி, நீயே சுட்டுப் பார் என்று என்னிடம் விட்டுவிட்டார். அவர் பக்கத்தில் நிற்பார். நான் ஒரு மகசீன் சுடுவேன். மகசீன் என்றால் பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகும் மெல்லிய இரும்புப் பெட்டி. அதில் ஐந்து தோட்டா பிடிக்கும். இப்படியே சில வருடங்கள் போயின. நான் சுடப் பழகுகிறேன் என்று நினைக்கவே இல்லை. பிஸ்டலைச் சோதிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அட்டையில் விழும் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வரத் தொடங்கியதை நானும் கவனித்தேன். கவனித்துவிட்டு அட்டையைக் குப்பையில் போட்டேன்.

அந்தக் குப்பையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எங்கள் கிளப் அணியின் தலைவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் எதையோ எறியப் போனவர் என் அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார். யார் சுட்டது என்று சார்ஜனைக் கேட்டிருக்கிறார். சார்ஜன் வாயைக் குவித்து என் பக்கம் காட்டியிருக்கிறார். நான் அப்போது கன்டீன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இது நீர் சுட்டதோ?"

நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

"அவருதான் சேர்," என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்.

"நான் அவரைக் கேட்டனான், தங்கச்சி."

"அவருகிட்ட கேட்டா நாளைக்குத்தான் பதில் வரும் சேர். அவசரம்னா எங்கிட்ட கேளுங்க."

கிளப்புகளுக்கு இடையே வருடத்தில் ஒரு தடவை பிஸ்டல் போட்டி நடக்கும். ஓர் அணிக்கு நாலு பேர். எங்கள் அணியின் நாலாவது ஆளுக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை என்று அந்த வருடம் வர முடியவில்லை. கிளப்பில் நிரந்தரமாக வேலை செய்பவரும் அணியில் சுடலாம் என்று விதி இருக்கிறதாம். எனக்கு அது தெரியாது. தலைவருக்குத் தெரிந்திருந்தது. நீர் சுடும் தம்பி, மற்றதை நான் கமிட்டியிட்டக் கதைக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில மெம்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சார்ஜனிடம் சொன்னார்கள், சார்ஜன் என் மனைவியிடம் சொன்னார், அவள் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். கொம்பனித்தெருவில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு மெம்பர் இருக்கிறார், என்னைவிட இளையவர், நன்றாகவே சுடுவார். அவரை விட்டுவிட்டுக் கோது பொறுக்குகிறவனையா போடுவது என்று கேட்டார்களாம். கேட்டதில் பிழையும் இல்லை. ஆனால் அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த நாலாவது இடம் எனக்கு வேண்டும். என் வயதில் இவ்வளவு ஆசையாக எதையும் நான் கேட்டதில்லை. இதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் வேண்டும்.

மாலையில் வேலை முடிந்த பிறகு பயிற்சி. கிளப்பின் ஒரு பொயிண்ட் டூ டூ பிஸ்டலை, அதாவது சின்னத் தோட்டா போடும் பிஸ்டலை, எனக்கென்று ஒதுக்கினார்கள். பழையது, ஆனால் என் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. ஆவணி முழுக்க நன்றாகப் போனது. தலைவர் என் பின்னால் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நவராத்திரி முடிந்த வாரம் பிஸ்டல் நிற்கத் தொடங்கியது.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வகைப் பிஸ்டலில் ஒரு தோட்டா சுட்டதும் அந்த வேகத்திலேயே போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னால் போய் வெற்றுக் கோதை வெளியே எறியும். திரும்ப முன்னால் வரும்போது மகசீனிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து குழலுக்குள் ஏற்றும். மகசீனுக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டுத்தான் தோட்டாக்களை மேலே தூக்கிக் கொடுக்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். நடந்தால் யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் போல்ட் பாதியில் நிற்கும், தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சரிந்து கிடக்கும். என் பிஸ்டலில் அதுதான் நடந்தது.

முதல் நாள் தற்செயல் என்று விட்டேன். அடுத்த நாளும் நின்றது. அதற்கடுத்த நாள் இரண்டு மகசீனுக்கு ஒரு தடவை என்று வந்துவிட்டது.

ஒரு துப்பாக்கி நின்றுவிட்டால் கிளப்பில் உள்ள எல்லோரும் வைத்தியர்தான். என் பிடி தளர்ந்துவிட்டது, கை இறுக்கமாக இல்லாவிட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது என்றார் சார்ஜன். நான் இறுக்கிப் பிடித்தேன், பிஸ்டல் நின்றது, குறியும் போனது. டயர் கடைக்காரர் தோட்டாவில்தான் பிழை என்று தன்னுடைய நல்ல தோட்டாப் பெட்டி ஒன்றையே தந்தார். என் இடத்துக்கு வர வேண்டியவர் அவர், ஆனாலும் தந்தார். அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது, அடுத்த நாள் பழையபடி. மகசீனின் வாய் அகன்றிருக்க வேண்டும், மெல்ல நெருக்கிப் பார்க்கலாம் என்று தலைவர் சின்னக் குறடு கேட்டார். சார்ஜன் கொடுக்கவில்லை. அந்தப் பிஸ்டலுக்கு மகசீன் ஒன்றே ஒன்றுதான். மற்றது எப்போதோ உடைந்துவிட்டது. இன்னொன்று வெளிநாட்டிலிருந்து எடுப்பதற்குள் போட்டி முடிந்துவிடும். நெருக்கப் போய் உடைந்தால் யார் பொறுப்பு என்று சார்ஜன் கேட்டார்.

நானும் என் பங்குக்குத் தோட்டா ஏறும் சரிவைத் தேய்த்தேன், கோதைப் பிடித்து இழுக்கும் கொக்கியை ஊசியால் சுத்தம் செய்தேன், குழலின் வாயைப் பித்தளைத் தூரிகையால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். மகசீனை மட்டும் கழற்றவில்லை. நவராத்திரிக்குச் சற்று முன்னால்தான் அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருந்தேன். அது சுத்தம் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்திருப்பேன். அதனால் ஒவ்வொரு நாளும் அதற்குள் இரண்டு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டேன். விட விட மோசமானது.

ஒருநாள் தலைவர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் குரலே மெதுவாக இருந்தது.

"தம்பி, கமிட்டி ஒரு முடிவெடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை முப்பது தோட்டா சுட்டுக் காட்ட வேணுமாம். ஒருக்கா நிண்டா பரவாயில்லை. ரெண்டாந்தரமும் நிண்டா டயர் கடைக்காரரைப் போடப் போயினம். நான் கதைக்கக்கூடியதெல்லாம் கதைச்சுப் பாத்திட்டன்."

நான் தலையாட்டினேன். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை மாலை பஸ்ஸில் இடமே இல்லை. மனைவி எப்படியோ முன்னால் ஒரு சீட் பிடித்துவிட்டாள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். மனம் முழுக்கப் பிஸ்டல்தான். முதல் மூன்று தோட்டா ஒருநாளும் நிற்பதில்லை. நின்றால் நாலாவதில், இல்லாவிட்டால் ஐந்தாவதில். ஏன்? அதே தோட்டா, அதே கை, அதே சரிவு. புறக்கோட்டையில் ஒரு கூட்டம் இறங்கியது. அந்த நெரிசலில் இறங்க யாரும் நடக்கவே தேவையில்லை, பின்னால் இருப்பவர்கள் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் விட்டுவிடுவார்கள். வாசலருகே ஒருவர் அரிசி மூட்டை ஒன்றை வைத்திருந்தார். அதையும் தாண்டித் தள்ளிவிட்டார்கள். கூட்டம் குறைந்த பிறகு, எங்கள் தரிப்பிடத்தில் நான் இறங்கப் போனபோது என்னைத் தள்ள யாரும் இல்லை. அந்த மூட்டையில் கால் தடக்கிப் படியில் சரிந்தேன்.

நடத்துநர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஐந்து தோட்டா இருக்கும்போது ஸ்பிரிங் இறுகியிருக்கும், தட்டைப் பலமாகத் தள்ளும். குறையக் குறைய ஸ்பிரிங்கின் பலமும் குறையும். முதலில் எந்தத் தடை இருந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும், கடைசியில்தான் தடக்கும். ஆக, மகசீனுக்குள் ஒரு மூட்டை இருக்கிறது.

"என்னங்க, விழுந்துட்டு சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். எனக்கே உறுதி இல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் கன்டீன் மேசையில் பழைய தாளை விரித்து மகசீனை வைத்தேன். சார்ஜன் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தலைவரும் வந்துவிட்டார். மகசீனின் பக்கத்தில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். தட்டோடு சேர்ந்த சின்னக் குமிழ் அந்த வெட்டில்தான் ஏறி இறங்கும். குமிழை விரலால் கீழே அழுத்தி மிக மெதுவாக மேலே விட்டேன். முதலில் வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே வர வர, ஓரிடத்தில் தயங்கியது. இன்னொரு தடவை விட்டேன். அதே இடத்தில் நின்றேவிட்டது. சார்ஜன் தேநீரைக் கீழே வைத்தார்.

அடித்தகட்டைக் கழற்றி ஸ்பிரிங்கையும் தட்டையும் வெளியே எடுத்தேன். உள்ளே, வெட்டின் ஓரமாக, கருத்த களி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் பசை போல, உள்ளே சுவரோடு ஒட்டிய பக்கம் கல்லு மாதிரி. பல்குத்தும் குச்சியால் கொஞ்சம் சுரண்டித் தாளில் வைத்தேன். வெடிமருந்துக் கரியும் எண்ணெயும் என்றார் சார்ஜன். ஆனால் சுரண்டிய இடத்தில் உள்ளே மஞ்சளாக இருந்தது. கரி மஞ்சளாக இராது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தலைவர்தான் அதை விரல் நுனியில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை மணந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை மணந்தார்.

"இது சந்தனம்," என்றார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடுப்புப் பக்கம் திரும்பினோம். என் மனைவி எண்ணெய்ச் சட்டியில் ரோல்ஸைப் புரட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் பார்வை முதுகில் பட்டிருக்க வேண்டும். திரும்பினாள்.

"என்ன?"

"தங்கச்சி, ஆயுத பூசைக்கு இந்த மகசீனுக்குப் பொட்டு வைச்சனீங்களோ?"

"எல்லாத்துக்கும்தானே சேர் வச்சேன். கத்திரிக்கோலு, புல்லு வெட்டுற மெஷினு, தராசு..."

அது எனக்கும் தெரியும். வருடா வருடம் கன்டீனில் அவள் செய்யும் பூசை அது. துப்பாக்கிகளை ஆயுத அறையிலிருந்து வெளியே எடுக்க முடியாது என்பதால், சார்ஜன் வெறும் மகசீன்களை மட்டும் ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்துவிட்டுத் தானும் கைகூப்பி நின்று நெற்றியைக் காட்டிப் பொட்டு வாங்கிக்கொள்வார். மறுநாள் நான் எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். அந்த வருடமும் துடைத்தேன்.

"இவர் துடைச்சதுதானே? உள்ளுக்கு எப்படிப் போனது?" என்று தலைவர் கேட்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்குத் தெரிந்து அவள் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"வெளிய வச்சா இவரு மறுநாளே துடைச்சிருவாரு சேர். எதைக் கண்டாலும் துடைக்கிற ஆளு. மத்ததுக்கெல்லாம் வெளிய வச்சேன். இவரு சுடப்போறதுக்கு மட்டும் துடைக்க முடியாத எடத்துல இருக்கட்டும்னு, சந்தனத்தைக் கொழச்சு, அந்த வெட்டு வழியா உள்ள வச்சு அழுத்தினேன். கொஞ்சம் பன்னீரும் விட்டேன்."

பிறகு சார்ஜனுக்கு விஷயம் என்ன என்று தலைவர் சிங்களத்தில் விளக்கினார். சார்ஜன் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவளைத் திட்டாதே மல்லி, தட்டைக் கொண்டுவந்து கொடுத்தது நான்தான், என்னையும் சேர்த்துத் திட்டு என்றார். நான் யாரைத் திட்டப் போகிறேன். இந்த உலகத்தில் எனக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஓர் ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆசைதான் அந்த வெட்டுக்குள் காய்ந்து கிடக்கிறது.

ஆனால் நான் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"சாமிக்கு வச்ச சந்தனத்தை மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவுவீங்களா? நாளைக்குச் சுடப் போற ஆளு செய்யற வேலையா இது?"

"பிள்ளை," என்றார் தலைவர், "சந்தனம் நெத்திக்கு நல்லது. துவக்குக்குச் சளிபிடிச்சிட்டுது. பாவம், மூண்டு நாலு கிழமையா அது மூச்சுவிடக் கஷ்டப்படுது."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். மண்ணெண்ணெய் தொடுவதற்கு முன் முடிந்தவரை குச்சியாலும் பஞ்சாலும் வழித்தெடுக்க வேண்டும். அந்தப் பஞ்சு குப்பைக்குப் போகக்கூடாது, கால்படாத இடத்தில் மரத்தடியில் போட வேண்டும். மிச்சத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நான் அப்படியே செய்தேன். நல்ல நேரம் எடுத்தது. காய்ந்த சந்தனம் இரும்பில் ஒட்டினால் சிமெந்து தோற்றுவிடும். அவளே பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தின் பின்பக்கம் வைத்துவிட்டு வந்தாள். பிறகு மண்ணெண்ணெய் விட்டு அலசி, துடைத்து, காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டும் விடாமல் பூட்டினேன். குமிழை அழுத்தி விட்டேன். டக்கென்று மேலே வந்து அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அன்று மாலை பஸ்ஸில் அவள் யன்னல் பக்கமே திரும்பி இருந்தாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வைத்ததை எடுத்துவிட்டோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைக்கிறாள்.

"நீ வச்சது போய்ச் சேர வேண்டிய எடத்துக்குச் சேர்ந்திருச்சு. இனி அது அங்க இருக்க வேணாம்," என்றேன்.

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டயர் கடைக்காரரும் தன் பிஸ்டல் பெட்டியோடு தயாராக வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். முதல் மகசீனின் நாலாவது தோட்டாவுக்கு வந்தேன். அது போனது. ஐந்தாவதும் போனது. அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். முப்பதும் நிற்காமல் போயின. அட்டையின் நடுவில் கிழிந்த ஒரு பெரிய ஓட்டைதான் இருந்தது. கமிட்டிக்காரர்கள் எழுந்து போனார்கள். டயர் கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"நானா, எனக்கு இனி இங்க வேல இல்ல. வாங்க, ஒரு பிளேன்டீ குடிப்பம். சல்லி நான் குடுக்கிறேன்," என்றார். அவர் பேச்சில் நானா என்றால் அண்ணன், சல்லி என்றால் காசு.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொள்வது போட்டியில்தான் இருந்தது.

போட்டி வேறொரு கிளப்பின் திடலில் நடந்தது. அங்கே போகும் வழியில் தலைவர் எனக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டியில் பிஸ்டல் நின்றால் அதைத் தொடக்கூடாது. குழலை இலக்குப் பக்கம் வைத்தபடியே மற்றக் கையை உயர்த்தி அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து திறந்து பார்த்து, பிழை பிஸ்டலுடையதோ தோட்டாவுடையதோ என்றால் அந்தச் சுற்றைத் திரும்பச் சுட விடுவார். நானே திறந்து சரிசெய்தால் எல்லாம் போச்சு, சுடாத தோட்டாவுக்குப் பூச்சியம்.

"உம்மட கை சும்மா இராது தம்பி. நிண்ட துவக்கைக் கண்டா அது தன்ரபாட்டில வேலை செய்யும். அதுதான் எனக்குப் பயம்," என்றார்.

அவர் பயந்தது சரி. எத்தனையோ வருடங்களாக நின்ற துப்பாக்கிகளைத் திறந்து சரிசெய்துதான் நான் சாப்பிடுகிறேன். அதைவிட எனக்கு வேறு பயம். கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். அவ்வளவு பேருக்கு முன்னால்.

என் முறை வந்தது. முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போயின. பின்னால் சனங்கள் இருப்பதே மறந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் இரண்டு தோட்டா போன பிறகு விசையை இழுத்தேன். டிக் என்றது. வெடிக்கவில்லை.

என் இடது கை தானாகப் போல்ட்டை நோக்கிப் போனது. தலைவர் சொன்னபடியே போனது. விரல் இரும்பில் படுவதற்கு ஒரு நூல் இடைவெளி இருந்திருக்கும். அங்கே நிறுத்தினேன். நிறுத்துவதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டில் குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அந்தக் கையை மெல்ல மேலே தூக்கினேன்.

யாரும் வரவில்லை. அதிகாரி அடுத்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஓடியது. கை மட்டும் போதாது, குரலும் வேண்டும் என்று விளங்கியது.

"சேர்!" என்று கூப்பிட்டேன்.

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. திடலின் மறுகோடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தலைவர் இருமும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், அது இருமல் இல்லையாம், சந்தோசமாம்.

அதிகாரி வந்து என்னவென்று சிங்களத்தில் கேட்டார். தோட்டாவைக் குத்தும் ஊசி அடித்தது, தோட்டா வெடிக்கவில்லை, நான் எதையும் தொடவில்லை என்று நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். மூன்று வாக்கியம். ஒரே மூச்சில். அவர் பிஸ்டலை வாங்கித் திறந்து தோட்டாவை வெளியே எடுத்து, அதன் பின்விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தார். ஊசியடித்த குழி ஆழமாகத் தெரிந்தது. பிழை தோட்டாவில். மகசீனையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தட்டு டக்கென்று மேலே வந்தது. நல்ல சுத்தம் என்று சொல்லிவிட்டு, சுற்றைத் திரும்பச் சுடச் சொன்னார்.

திரும்பச் சுட்டேன். அந்தச் சுற்றுத்தான் என் வாழ்நாளிலேயே நான் சுட்ட நல்ல சுற்று. அதற்குப் பிறகு வந்த சுற்றுகளும் மோசமில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் சுட்டேன்.

பின்னேரம் பலகையில் முடிவு எழுதினார்கள். எங்கள் கிளப் முதலாவது. இரண்டாவதாக வந்த கிளப்புக்கும் எங்களுக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். எங்கள் அணிக்குள் தலைவருக்கு அடுத்த புள்ளி என்னுடையது. சார்ஜன் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். டயர் கடைக்காரர் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டார், அவ்வளவு பெரிய ஆள். என் மனைவி அன்றைக்குக் கன்டீனுக்கு லீவு போட்டு வந்திருந்தாள். ஓடிவருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் எங்களைக் கூப்பிட்டார்கள். நான் பின்னால் நிற்கப் போனேன். தலைவர் என் தோளில் கைவைத்து முன்னால் தள்ளி, வெற்றிக் கிண்ணத்தின் ஒரு காதை என் கையில் கொடுத்தார். அது நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. படம் எடுத்தார்கள். நான் நிலத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தால் தெரியும்.

இறங்கும்போது தலைவர் சொன்னார்: "தம்பி, அடுத்த வருசம் நாலாம் ஆளா உம்மைப் போட மாட்டன்."

நான் இறங்காமல் நின்றுவிட்டேன்.

"ரெண்டாம் ஆளா வாரும். புள்ளி அப்பிடித்தான் சொல்லுது."

"வாறேன் சேர்," என்றேன்.

கொட்டாஞ்சேனை,
18 ஜனவரி 2026, ஞாயிற்றுக்கிழமை.